ஒரு பென்னிக்கு நூல் விற்ற சார்லஸ் நைட்



ஒருவர் தனியே கடைக்குச் சென்று ஒரு மூட்டை எரு வாங்குவதற்கும், ஊரார் நூறு பேர் சேர்ந்து சங்கத்தின் மூலமாக நூறு மூட்டை வாங்குவதற்கும் விலையில் உள்ள வித்தியாசத்தை இச்சபையில் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. எருவிலும் விதையிலும் காணப்படும் இந்தக் கணக்கு புத்தகத்திற்கும் பொருந்தும். ஒருவகையில் பார்த்தால் மற்றப் பண்டங்களைக் காட்டிலும் புத்தகத்திற்கே அதிகமாய்ப் பொருந்தும். ஆங்கில நாட்டில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்த உண்மையை நன்கு தெளிந்து, அதன்மேல் தம் கைப்பொருளையும் ஆயுளையும் வைத்துப் பார்த்தவர் சார்லஸ் நைட் என்னும் பிரசுரகர்த்தர். அவருடைய வரலாற்றில் பெரிய வெற்றியும் உண்டு, பெரிய நஷ்டமும் உண்டு. இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது.

முதலில் அக்காலத்து விலைவாசியைச் சிறிது கவனிக்க வேண்டும். அக்கால ஆங்கில நாணயத்தில் 12 பென்னி கொண்டதாக ஒரு ஷில்லிங்கும், 20 ஷில்லிங் கொண்டதாக ஒரு பவுனும் இருந்தன. நம் ரூபாய்க்கு 16 பென்னி என்று மாற்று விகிதம் இருந்த காலங்களில் ஒரு பென்னி ஓர் அணாவுக்குச் சமம். 1830-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் வயலில் உழைக்கும் கூலியாளுக்கு வாரத்திற்குச் சுமார் 10 ஷில்லிங் கிடைத்தது. பல ஜில்லாக்களில் அதுவும் கிடைப்பதில்லை. அதே காலத்தில் புதிதாக வெளிவரும் ஒரு நாவல் மூன்று பாகங்களாகக் கட்டப்பட்டு 31 ஷில்லிங் 6 பென்னிக்கு விற்கப்பட்டது. உழவர் ஒருவர் மூன்று வாரம் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால் ஒரு கதைப்புத்தகம் வாங்கலாம். செய்தித்தாளோ, ஒவ்வொரு பிரதிக்கும் அரசாங்கத்தார் விதித்திருந்த 4 பென்னி முத்திரை வரியுடன் சேர்ந்து 7 பென்னி விலையாயிற்று. பஞ்சாங்கம் போன்ற ஆண்டுக் குறிப்புப் புத்தகத்திற்கும் பிரதி ஒன்றுக்கு 15 பென்னி வரி இருந்தது. எழுத்து வாசனை ஏழைகளுக்கு எட்டக்கூடாது என்று ஒருவர் திட்டமிட்டிருந்தால்கூட இதற்குமேல் அதிகமாய்ச் செய்திருக்க முடியாது.

சார்லஸ் நைட் 1791-ஆம் ஆண்டில் விண்ட்ஸர் நகரில் பிறந்தார். அரசர் வாழும் கோட்டை உள்ள ஊர் அது. அவர் தந்தை அங்கே புத்தகக்கடையும் அச்சுக்கூடமும் நடத்தி வந்தார். மூன்றாம் ஜார்ஜ் அரசரே உலாவப் புறப்படும்போது அந்தக் கடைக்குள் நுழைந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதுண்டாம். தாயைச் சிறுவயதிலேயே இழந்த நைட், சிறிது காலம் ஈலிங் என்னும் ஊர்ப் பள்ளியில் படித்தார். பதினான்காம் வயதில் படிப்பை நிறுத்தித் தந்தையிடமே தொழில் பழக அமர்த்தப்பட்டார். மேலும் படிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு மிகுதியாக இருந்தது. ஆனால் அச்செழுத்துக் கோப்பதையும் காகிதம் நனைப்பதையும் கையால் செய்து பழகிய அந்த ஆண்டுகளே பிற்காலத்தில் அவருக்கு மூலதனமாயின. புத்தகம் எழுதுவோர் பலர், விற்போர் பலர், அச்சிடுவோர் பலர். மூன்றையும் கையறியச் செய்தவர் மிகச் சிலர்.

வாலிபத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவர் குணத்தைக் காட்டுவது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற்பெரும் பதிப்பில் ஒரு பிரதி, சில ஏடுகள் குறைந்த நிலையில் அவருக்குக் கிடைத்தது. அவர் பழைய அச்செழுத்துக்களைத் தேடி எடுத்து, பழைய காகிதத்தில், குறைந்த பக்கங்களை எழுத்துக்கு எழுத்து தாமே கோத்து அச்சிட்டுச் சேர்த்தார். அந்தப் பிரதி பின்னர் விலைக்குப் போய்விட்டது. ஆயினும் ஒவ்வொரு சொல்லையும் தம் விரலால் கோத்தவருக்கு அந்நூல் வேறு எவ்வகையாலும் கிடைக்காத அளவுக்கு உள்ளே பதிந்துவிட்டது.

1812-ல் தந்தையும் மகனுமாக ஊரில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதை நடத்திவருகையில் நைட் தம் பாரிஷில் ஏழைகளுக்கு உதவி வழங்கும் மேற்பார்வையாளர் வேலையையும் பார்க்க நேர்ந்தது. வீடு வீடாகச் சென்று யாருக்கு என்ன குறை என்று விசாரிக்கும் வேலை அது. அங்கே அவர் கண்டது பசி மட்டுமன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளமாகப் பெருகிவிட்டார்கள், ஆனால் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை கொலைக்கதைத் தாள்களும் குறிசொல்லும் புத்தகங்களும் கலகத் துண்டுப் பிரசுரங்களுமே என்று அவர் கண்டார். படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் படிக்க ஒன்றும் கொடாமலிருப்பது, பல் முளைத்த குழந்தைக்குச் சோறிடாமலிருப்பதை ஒக்கும். மலிவுப் பிரசுரங்களைப்பற்றி 1819-ல் தம் பத்திரிகையில் எழுதினார். 1820 முதல் 1822 வரை எளிய மக்களுக்கென்று ஒரு மாதப் பத்திரிகையை நண்பர் ஒருவருடன் சேர்ந்து நடத்தினார். அது நிலைக்கவில்லை.

1823-ஐ ஒட்டி லண்டனுக்குக் குடியேறி, புத்தகப் பிரசுரம் செய்யத் தொடங்கினார். மெக்காலே போன்ற இளைஞர்கள் அப்போது அவர் வெளியிட்ட காலாண்டுப் பத்திரிகைக்கு எழுதினார்கள். ஆனால் 1825-ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் பாங்கிகள் முறிந்து வியாபாரம் குலைந்தபோது புத்தக வியாபாரமும் படுத்துவிட்டது. மலிவு விலையில் ஒரு தேசிய நூல்வரிசை வெளியிடலாம் என்று அவர் போட்டிருந்த திட்டமும் அத்துடன் போயிற்று. கடனும் கவலையுமாக இருந்த அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் புதிய தொடர்பு ஒன்று ஏற்பட்டது.

1826-ல் புரூம் என்ற பிரபல வழக்கறிஞரும் அரசியல்வாதியுமானவர் முன்னின்று, பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். விஞ்ஞானம், சரித்திரம், கைத்தொழில் ஆகியவற்றை எளிய நடையில், குறைந்த விலையில் மக்களுக்குத் தருவது அதன் நோக்கம். 1827-ல் நைட் அச்சங்கத்தின் பிரசுரங்களை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று 1828-ஆம் ஆண்டுக்குரிய ஆண்டுக் குறிப்புப் புத்தகம் வெளியிட்டது. அக்காலத்தில் விற்ற அத்தகைய புத்தகங்களில் எந்த நாளில் மழை பெய்யும், எந்த மாதத்தில் அரசர்க்கு ஆபத்து என்னும் சோதிடப் பொய்கள் நிறைந்திருந்தன. நைட் அவற்றைத் தள்ளிவிட்டு, சூரியோதயம், கடல் ஏற்றவற்றம், விவசாயக் குறிப்பு, பொதுக் கணக்கு விவரம் ஆகியவற்றை நிரப்பினார். சோதிடமில்லாத பஞ்சாங்கத்தை யார் வாங்குவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. புத்தகம் நன்றாகவே விற்பனையாயிற்று. மேற்படி 15 பென்னி வரி 1834-ல் எடுபட்டது.

1830-ல் இங்கிலாந்தின் தென் ஜில்லாக்களில் விவசாயக் கூலிகள் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் கதிரடிப்பதே அவர்களுக்கு இருந்த ஒரே கூலி, அதையும் யந்திரம் பறித்துவிட்டது. அதற்கு விடையாக நைட் 1831-ல் யந்திரங்களின் பலன்களைப்பற்றி ஒரு மலிவு நூல் எழுதினார். யந்திரத்தால் பொருள் மலிவாகிறது, பொருள் மலிவானால் வாங்குவோர் பெருகுகிறார்கள், வாங்குவோர் பெருகினால் வேலையும் பெருகுகிறது என்பது அவர் வாதம். அச்சுத்தொழிலையே அதற்குச் சாட்சியாகக் காட்டினார். வாதம் தவறன்று. ஆனால் நாளை பெருகப்போகும் வேலையைக் கொண்டு இன்றைய அடுப்பை மூட்ட முடியாது என்பதை அந்நூல் போதிய அளவு உணர்ந்ததாகச் சொல்லமுடியாது. நைட்டின் குறைகளுள் இது ஒன்று. ஏழைகளுக்காக உழைத்தார், ஆனால் பல சமயங்களில் ஏழைகள் கேட்டதற்கு விடை சொல்லாமல் தாம் சொல்ல விரும்பியதையே சொன்னார்.

இனி அவருடைய பெருங்காரியத்திற்கு வருவோம். 1832-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் நைட்டும் அவர் அயல்வீட்டுக்காரரான மாத்யூ டேவன்போர்ட் ஹில் என்ற வழக்கறிஞரும் லண்டனுக்கு நடந்துவந்துகொண்டிருந்தார்கள். வழியில் கடைகளில் தொங்கிய ஒரு பென்னித் தாள்களின் இழிவைப்பற்றிப் பேச்சு எழுந்தது. மலிவாகவும் இருக்கட்டும், நல்லதாகவும் இருக்கட்டும், அப்படி ஒன்றை நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்று ஹில் கேட்டார். அன்றே இருவரும் அப்போது பெரிய நீதிபதிப் பதவியில் இருந்த புரூம் பிரபுவிடம் சென்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள், 31-ஆம் தேதியன்று, பென்னி மாகஸின் முதல் இதழ் வெளிவந்துவிட்டது. வாரம் ஒருமுறை, எட்டுப் பக்கம், மரச்செதுக்குப் படங்களுடன், விலை ஒரு பென்னி. பணப்பொறுப்பு முழுதும் நைட்டுடையது. சங்கத்தார் மேற்பார்வையும் பெயரும் கொடுத்தார்கள்.

எட்டுப் பக்கமும் படமும் ஒரு பென்னிக்கு எப்படிக் கட்டும்? இதுதான் இவ்வுபந்நியாசத்தின் நடுப்பகுதி. நைட் இதை இரகசியமாக வைக்கவில்லை. 1833-ல் தம் பத்திரிகையிலேயே, அந்தப் பத்திரிகை எப்படி உண்டாகிறது என்பதைக் கந்தல் துணியிலிருந்து காகிதம் ஆவது முதல் அச்சிட்ட தாள் கடைக்குப் போவது வரை வரிசையாக எழுதி, வாசகர்களுக்கே காட்டிவிட்டார்.

ஒரு நூலுக்கு ஆகும் செலவில் இரண்டு வகை உண்டு. எழுதுபவருக்குக் கொடுக்கும் கூலி, படம் செதுக்குபவருக்குக் கொடுக்கும் கூலி, அச்சுக் கோப்பவருக்குக் கொடுக்கும் கூலி ஆகிய இவை ஒரு பிரதி அச்சிட்டாலும் ஒன்றுதான், ஒரு லட்சம் பிரதி அச்சிட்டாலும் ஒன்றுதான். காகிதமும் மையும் அச்சிடும் கூலியுமோ பிரதிக்குப் பிரதி ஏறிக்கொண்டே போகும். உதாரணமாக, முதல்வகைச் செலவு 100 பவுன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் வாங்கினால் அச்செலவில் ஒவ்வொருவர் தலையிலும் 2 ஷில்லிங் விழும். ஒரு லட்சம் பேர் வாங்கினால் ஒவ்வொருவர் பங்கு ஏறக்குறைய கால் பென்னிதான். எழுத்தின் தரத்தையும் படத்தின் தரத்தையும் குறைக்கவேண்டியதில்லை. இன்னும் கேட்டால் நல்ல எழுத்தாளருக்கு அதிகமாகக் கொடுக்கவும் இயலும். வாங்குவோரின் கூட்டமே விலையைக் குறைக்கிறது. மலிவு என்றால் மட்டம் என்று எண்ணியிருந்த புத்தக வியாபாரிகளுக்கு இது புதுமையாக இருந்தது.

ஆனால் லட்சம் பிரதிகளைக் குறித்த நாளில் அச்சிட்டு முடிப்பது எப்படி? கையால் இழுக்கும் அச்சில் நாளொன்றுக்கு ஆயிரம் முழுப்பிரதிகள் எடுக்கலாம். அக்கணக்குப்படி 1,60,000 பிரதிகளுக்கு ஓர் அச்சுக்கு 160 நாள் பிடிக்கும். வாரப்பத்திரிகையின் ஓர் இதழ் முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட இதழ்கள் காத்துக்கிடக்கும். வில்லியம் க்ளௌஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் நீராவியால் ஓடும் யந்திரங்கள் அவ்வளவையும் பத்து நாளில் முடித்தன. இதற்கு மற்றோர் உபாயமும் துணையாயிற்று. கோத்த அச்செழுத்துப் பக்கத்தின்மேல் சுண்ணச் சாந்தை ஊற்றி அச்சுப்பிரதிமை எடுத்து, அதில் உருக்கிய ஈயக்கலவையை வார்த்துத் தகடாக்கிவிடுவார்கள். அச்செழுத்துக்களைக் கலைத்து அடுத்த இதழுக்கு உபயோகிக்கலாம், தகடு அலமாரியில் இருக்கும். பழைய இதழ் வேண்டுமென்று ஒருவர் கேட்டால் திரும்பக் கோக்கவேண்டியதில்லை. ஒரே இதழுக்கு இரண்டு ஜதை தகடு வார்த்து ஒரே சமயத்தில் இரண்டு யந்திரத்தில் ஓட்டலாம். படங்களின் வார்ப்புக்களை நைட் அயல்நாட்டுப் பிரசுரகர்த்தர்களுக்கும் விற்றார். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அதே படங்கள் அந்தந்த நாட்டு மொழிக் கட்டுரைகளுடன் வெளிவந்தன. ஒரு முறை செதுக்கிய மரக்கட்டைக்குப் பல தேசத்தார் சேர்ந்து கூலி கொடுத்தார்கள் என்றால் மிகையாகாது.

அந்தப் படங்களாலேயே பத்திரிகை பெயர் பெற்றது. ராபேல் தீட்டிய பெருஞ்சித்திரங்கள், ஹோகார்த்தின் ஓவியங்கள், பழைய கோவில்கள், சிற்பங்கள், மிருகங்கள் ஆகியவற்றைச் சுவரில் ஒரு படமும் இல்லாத குடிசைகளிலே மக்கள் கண்டார்கள். 1832-ஆம் ஆண்டு முடிவதற்குள் விற்பனை 2,00,000 பிரதிகளை எட்டியது. ஒரு பிரதியைக் குறைந்தது ஐந்து பேராவது படிப்பார்கள் என்று நைட் மதிப்பிட்டார், ஆகவே பத்து லட்சம் வாசகர். அதற்கு முன் எந்தப் பத்திரிகையும் அந்நாட்டில் இவ்வளவு பரவியதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்காத்லாந்தில் சேம்பர்ஸ் சகோதரர்கள் ஒன்றரைப் பென்னிக்கு வாரப்பத்திரிகை தொடங்கி அவர்களும் வெற்றி கண்டார்கள் என்பதையும் கூறவேண்டும். காலம் கனிந்திருந்தது.

வாங்கியவர்கள் யார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கிறிஸ்டோபர் தாம்ஸன் என்பவர் எட்வின்ஸ்டோ என்ற கிராமத்தில் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்தவர். முதல் ஆண்டில் பென்னி மாகஸினுக்காக வாரம் ஒரு பென்னி மிச்சம் பிடிப்பதற்குத் தேநீரில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டதாக அவர் தம் சுயசரிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். பின்னர் தம் கிராமத்திலேயே கைத்தொழிலாளர்களுக்கென ஒரு நூல்நிலையம் ஏற்படவும் பாடுபட்டார். ஒரு பென்னி மலிவு என்று சொல்லுவது எளிது. கொடுப்பவர் எதை விட்டுக் கொடுக்கிறார் என்பதையும் நினைக்கவேண்டும். வயற்கூலிக்காரர் பலருக்கு அந்தப் பென்னியும் எட்டவில்லை. பெரும்பாலும் கைத்தொழிலாளரும் கணக்கெழுதுவோரும் சிறு கடைக்காரருமே வாங்கினார்கள் என்று கருத இடமுண்டு.

மற்றொரு குறையும் சொல்லப்பட்டது. பென்னி மாகஸினில் செய்தி கிடையாது. அரசியலும் இல்லை, கதையும் இல்லை. செய்தி வெளியிட்டால் 4 பென்னி முத்திரை வரி வந்து விழும், பத்திரிகை ஐந்து பென்னியாகிவிடும் என்பது ஒரு காரணம். சங்கத்தாரின் மனப்போக்கு மற்றொரு காரணம். அதே காலத்தில் ஹென்றி ஹெதரிங்டன் என்பவர் ஏழைகளின் வாக்குரிமைக்காக முத்திரை வரி செலுத்தாமலே ஒரு பென்னிச் செய்தித்தாளை நடத்திவந்தார். அவரும் சிறை சென்றார். அதை விற்ற குற்றத்திற்காக நூற்றுக்கணக்கான ஏழைகளும் சிறை சென்றார்கள். ஒரு பக்கம் நீதிபதிப் பதவியில் இருப்பவரின் ஆதரவுடன் யானையைப்பற்றியும் கோபுரத்தைப்பற்றியும் ஒரு பென்னித்தாள், மற்றொரு பக்கம் சிறைவாசத்துடன் கூலியைப்பற்றியும் வரியைப்பற்றியும் ஒரு பென்னித்தாள். ஏழைகளுக்கு ரொட்டியைப்பற்றிப் பேசாமல் மிருகங்களைப்பற்றிப் பேசுகிறார்கள் என்று ஹெதரிங்டன் கட்சியார் ஏளனம் செய்ததில் நியாயமில்லை என்று கூறமுடியாது. எனினும் முத்திரை வரி கொடியது, அது நீங்கவேண்டும் என்பதில் நைட்டும் அவர்கள் பக்கமே நின்றார். அவ்வரி 1836-ல் ஒரு பென்னியாகக் குறைந்தது, 1855-ல் நீங்கியது.

வெற்றி கண்ட நைட், அதே முறையில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றில் கைவைத்தார். உலகத்திலுள்ள எல்லா விஷயங்களையும் அகரவரிசையில் விளக்கும் பெருநூல் ஒன்றை வாரம் ஒரு பென்னி இதழாக வெளியிட்டு, எளியவர் வீட்டிலும் அது முழுமையாகச் சேரும்படி செய்யவேண்டும் என்பதே அது. பென்னி சைக்கிளோபீடியா 1833 ஜனவரியில் தொடங்கியது. எட்டுத் தொகுதிகளில் முடியும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். ஜார்ஜ் லாங் என்ற பேராசிரியர் அதன் ஆசிரியர். பிறர் நூல்களிலிருந்து வெட்டி ஒட்டாமல், துறைதோறும் தேர்ந்த அறிஞர்களைக்கொண்டு புதிதாக எழுதுவித்தார்கள். டி மார்கன் என்ற கணித மேதை ஒருவரே 700-க்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். மலிவு நூலுக்கு இத்தகையவர்களா என்று வியந்தவர்கள் உண்டு.

இங்கேதான் கணக்குத் தவறியது. கட்டுரைகள் நீண்டன. எட்டுத் தொகுதி என்றது 27 தொகுதியாகும் என்று தெரிந்தது. வாரம் ஒரு இதழ் வீதம் போனால் முடிவதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் பிடிக்கும். தொடங்கியவர் முடிவைக் காணமாட்டார், வாங்கத் தொடங்கியவரும் காணமாட்டார். ஆகையால் வாரம் இரண்டு இதழ் வெளியிடத் துணிந்தார்கள், பின்னர் நான்கு. அறிவுக்குப் பொருத்தமான முடிவுதான். ஆனால் வாங்குபவரின் வாரக்கூலி இரட்டிக்கவில்லை. முதல் ஆண்டில் 75,000 பேர் வாங்கினார்கள். வாரம் 2 பென்னியானதும் அது 55,000 ஆயிற்று. 4 பென்னியானதும் 44,000, முடியும்போது 20,000. எண்ணிக்கை குறைந்ததும் முன்பு சொன்ன முதல்வகைச் செலவு ஒவ்வொரு பிரதியின் தலையிலும் ஏறியது. எழுத்துக்கும் படத்துக்கும் மட்டுமே சுமார் 40,000 பவுன் செலவாயிற்று. எண்ணிக்கையால் வந்த மலிவு எண்ணிக்கை போனதும் போய்விட்டது. ஆனால் அட்டையில் அச்சிட்ட விலையை ஏற்ற வழியில்லை. ஒரு பென்னி என்பது பெயரிலேயே இருந்தது.

தவணைமுறையில் கடன் வசூலிக்கும் சங்கத்தார் இதை நன்கு அறிவார்கள். மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும், வாரத்தவணையை இரட்டித்தால் செலுத்துபவர்களில் ஒரு பங்கு விழுந்துவிடும். நைட் மொத்தத்தைப் பார்த்தார், சம்பள நாளைப் பார்க்கத் தவறினார்.

அதற்குமேல் காகித வரி. அக்காலத்தில் அச்சுக்குரிய காகிதம் ராத்தல் ஒன்றுக்கு 3 பென்னி கலால் வரி செலுத்தவேண்டும். ஆலையில் ஒவ்வொரு ரீமையும் அதிகாரிகள் நிறுத்து முத்திரையிட்ட பிறகே வெளியே விடுவார்கள். 1836-ல் வரி பாதியாகக் குறைந்தது. 31 ஷில்லிங் நாவலுக்குக் காகிதம் செலவில் சிறு பங்கு, ஆகவே வரி அதில் தெரியாது. ஒரு பென்னித் தாளிலோ காகிதமே பெரும்பங்கு. முதல்வகைச் செலவைக் கூட்டத்தால் எவ்வளவு குறைத்தாலும் காகிதச் செலவைக் குறைக்கமுடியாது. ஆகவே வரி முழுவதும் மலிவு நூலின்மேலேயே வந்து சுமந்தது. பணக்காரர் நூலும் ஏழையர் நூலும் எடைக்கு ஒரே வரி செலுத்துவது சமநீதி போலத் தோன்றும், கணக்கில் பார்த்தால் அது அப்படியன்று. சைக்கிளோபீடியாவுக்காக மட்டும் தாம் செலுத்திய காகித வரி 16,500 பவுன் என்று நைட் 1850-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் காட்டினார். அந்நூலின் பெயரே, அளவற்ற வரியை எதிர்த்து ஒரு புத்தகம் பட்ட பாடு என்னும் பொருள் கொண்டது.

இடையில் நிறுத்தியிருக்கலாம். M என்ற எழுத்தில் முடிந்த அகராதியைப் பலர் வைத்திருந்திருப்பார்கள். வழக்குத் தொடுத்திருக்கவும் யாரும் இலர். நைட் நிறுத்தவில்லை. தொடக்கத்திலிருந்து வாரந்தோறும் பென்னி கொடுத்து வந்த இருபதினாயிரம் பேருக்கு முழுநூலைக் கொடுப்பதாக வாக்களித்திருந்தார். 1843 இறுதியில் 27-ஆம் தொகுதி வெளிவந்தது. நஷ்டம் 30,000 பவுனுக்கு மேல். அது சங்கத்தின் நஷ்டமன்று, நைட்டின் சொந்த நஷ்டம். அந்தச் சுமை நெடுங்காலம் அவரைவிட்டு நீங்கவில்லை.

பென்னி மாகஸினும் 1845-ஆம் ஆண்டுடன் சங்கத்தின் பிரசுரமாக இருப்பது நின்றது. அதற்குள் கதைகளையும் வாசகர் கடிதங்களுக்கு விடைகளையும் கொண்ட வேறு ஒரு பென்னிப் பத்திரிகைகள் தோன்றிப் பெருகிவிட்டன. அவை நைட்டின் வழியில் யந்திரத்தையும் கூட்டத்தையும் நம்பின, நைட் கொடாததையும் கொடுத்தன. அறிவைப் பரப்பும் சங்கமும் 1846-ல் கலைந்தது.

நைட் ஓய்ந்துவிடவில்லை. சைக்கிளோபீடியா நடந்துகொண்டிருக்கும்போதே படங்களுடன் கூடிய ஷேக்ஸ்பியர் பதிப்பை 1838 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார், அதன் பதிப்பாசிரியரும் அவரே. மரக்கட்டைகளால் பல வர்ணங்களில் அச்சிடும் முறை ஒன்றுக்கு அதே 1838-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். 1844-ல் வாரம் ஒரு நூல் என்ற வரிசையைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங். முதல் நூல், இங்கிலாந்துக்கு அச்சுத்தொழிலைக் கொண்டுவந்த காக்ஸ்டனின் சரிதம், அதை அவரே எழுதினார். கிராமங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ளோர் ஆளுக்குச் சிறுதொகை போட்டுப் புத்தகக்கூட்டங்கள் அமைத்து இந்நூல்களை வாங்கி மாற்றிமாற்றிப் படிக்கலாம் என்று யோசனையும் கூறினார். வாங்குவோர் கூடினால் விலை குறையும் என்று கணக்குக் காட்டியவர், இப்போது அந்தக் கூட்டத்தை வாங்குவோரே ஏற்படுத்திக்கொள்ளும்படி அழைத்தார். ஆனால் வரிசையில் பல நூல்கள் சராசரி 5,000 பிரதியும் எட்டவில்லை. ஏழைகளுக்கு அவை போதிய மலிவாக இல்லை, கனவான்களுக்கோ அவை மிக மலிவாக இருந்ததால் மதிப்பில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார்.

நைட் இந்த அழைப்பை விடுத்த அதே 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ராச்டேல் என்ற ஆலைநகரில் 28 தொழிலாளர்கள் தங்கள் கடையைத் திறந்தார்கள் என்பது அங்கத்தினர்கள் அறிந்தது. அவர்கள் நைட்டின் சொல்லைக் கேட்டுத் தொடங்கியவர்கள் அல்லர். ஆயினும் சில ஆண்டுகளில் கடையின் மாடியில் படிப்பறை ஏற்பட்டது. பிறகு லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்குவதாக விதியும் செய்துகொண்டார்கள். மாவும் வெண்ணெயும் வாங்கிய கூட்டமே புத்தகத்தையும் வாங்கியது. பிரசுரகர்த்தர் ஒருவர் வெளியிலிருந்து கூட்டமுடியாத கூட்டம் தானாகவே கூடியிருந்தது.

பிற்காலத்தில் நைட் மற்றப் பிரசுரகர்த்தர்களுக்காகவும் எழுதினார். பழைய சைக்கிளோபீடியாவைப் புதுக்கித் திருத்தி வேறு பெயரில் வெளியிட்டார். 1856 முதல் 1862 வரை எட்டுத் தொகுதிகளில் பொதுமக்களுக்கான இங்கிலாந்து சரித்திரம் ஒன்றை எழுதினார். அரசர்களின் சண்டைகளோடு குடிகளின் வாழ்வையும் சொல்லவேண்டும் என்பது அதில் அவர் கொள்கை. 1860-ல் அரசாங்க கெஜட்டின் பிரசுரகர்த்தராக நியமிக்கப்பட்டதால் வயோதிகத்தில் வருவாய்க்குக் கவலை குறைந்தது.

அதே ஆண்டில் காகித வரியை எடுத்துவிடும் மசோதாவைப் பொதுமக்கள் சபை நிறைவேற்ற, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. மறு ஆண்டில் நிதிமந்திரி கிளாட்ஸ்டன் அதை வரவுசெலவுத் திட்டத்துடன் சேர்த்துக் கொண்டுவந்தார். பிரபுக்களால் மறுக்க முடியவில்லை. 1861 அக்டோபர் முதல் காகிதத்துக்கு வரி இல்லை. நைட்டுக்கு அப்போது வயது எழுபது. வரி இல்லாத காகிதத்தில் தம் உழைப்பின் சரிதத்தை மூன்று பாகமாக எழுதி 1864-லும் 1865-லும் வெளியிட்டார். அதில் இலாபத்தை எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னாரோ அவ்வளவு வெளிப்படையாக நஷ்டக் கணக்கையும் எழுதியிருக்கிறார்.

1873 மார்ச்சு 9-ஆம் தேதி ஆடில்ஸ்டன் என்னும் ஊரில் அவர் காலமானார். பதினான்கு வயதில் தொழில் பழகத் தொடங்கிய விண்ட்ஸர் நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.